சக்கரம் கழற்றிய மிஷின்

தம்பி, அல்லாஹ் உன்னையும் உன் பிள்ளைகளையும் நல்லபடி வைத்திருக்கட்டும். போனில் நீ கேட்டதற்கு "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வீட்டுப் பத்திரத்தைக் கேட்டால் அம்மா ஏன் இப்படி வாய் மூடிக்கொண்டாள் என்று உனக்கு வருத்தமாக இருக்கும். சொல்ல வேண்டியது போனில் சொல்லி முடிகிற அளவில் இல்லை. எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும், அது உனக்கே தெரியும். உன் மனைவியும் இதைப் படிக்கட்டும். பட்டறை வைத்திருக்கிற உன் சிநேகிதர்கள் யாருக்காவது காட்ட வேண்டுமென்றாலும் காட்டு. எனக்கு இனி மறைக்க எதுவும் இல்லை.

மஸ்கட் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வரப்போகிறேன் என்றாய். சிறு தொழில்காரர்கள் புதிதாக எதையாவது செய்தால் அரசாங்கம் இப்போது பணம் தருகிறது, வீட்டை ஈடு வைத்து அதை வாங்கி உங்க அத்தாவின் நெல் உலர்த்தும் மிஷினை மறுபடியும் செய்யப்போகிறேன் என்றாய். குடவாசலில் அத்தா பட்டறை இருந்த அதே இடத்தில் பெயர்ப்பலகை மாட்டுவதாகவும் சொன்னாய். "அப்ப அரசாங்கம் அத்தாவ ஏமாத்திருச்சும்மா, இப்ப காலம் மாறிருச்சு" என்று நீ சொன்னதும்தான் நான் போனை வைத்தேன். அந்த வார்த்தையைத்தான் நீ எட்டு வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறாய். உன் அத்தா அதை எல்லோரிடமும் சொன்னார், உன்னிடமும் சொன்னார். அது முழு உண்மை இல்லை, தம்பி. பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உனக்கு அது தெரிய வேண்டும்.

அந்த மிஷின் எதற்காக வந்தது என்பதே உனக்குச் சரியாகத் தெரியாது. நீ கைக்குழந்தை. சுற்றுப்பட்டு ஊர்களில் கூலிச் சண்டை ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த காலம். ஒரு பக்கம் கொடி, ஒரு பக்கம் போலீஸ் வேன். ஆட்சி மாறும்போதெல்லாம் இனி எல்லாம் சரியாகிவிடும் என்று இரண்டு தரப்பும் நினைக்கும். நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள் அல்லவா, அதில் அஞ்சலைக்கு ஒரு ஏக்கர் கிடைத்தது. அஞ்சலையை உனக்கு ஞாபகம் இருக்கும், நம் வீட்டுக்குக் கீரை கொண்டுவந்து போடுவாள், உன்னை 'குட்டி பாய்' என்று கூப்பிடுவாள். பண்ணை வீட்டு வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தவள் ஒரே நாளில் பட்டாக்காரி ஆனாள். நிலம் வந்ததே தவிர களம் வரவில்லை. களம் பண்ணை வீட்டாருடையது. கூலி கேட்டு நின்றவர்களுக்கு நெல் அடிக்க எங்கள் களம் கிடையாது என்று அவர்கள் முள்வேலி போட்டுவிட்டார்கள். தாளடி, சம்பா என்றால் வெயில் காலத்தில் அறுப்பார்கள், ரோட்டில் போட்டுக்கூடக் காய வைக்கலாம். குறுவை அறுப்பு ஐப்பசி மழையில் வரும். ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். ஒரு குறுவையில் அஞ்சலை குவித்து வைத்திருந்த நெல் குவியலிலேயே முளைத்துவிட்டது. அதை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து பட்டறையில் லேத் மேல் கொட்டி, "பாய், நீங்க ரைஸ்மில்லு இரும்பையெல்லாம் சரி பண்றீங்களே, இத சரி பண்ணுங்க பாப்போம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் போன பிறகும் உங்க அத்தா அந்த முளைத்த நெல்லை லேத் மேலிருந்து தட்டிவிடாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஏழு மாதம் ஆனது. பழைய எண்ணெய் டிரம், கழித்துப்போட்ட பம்புசெட் எஞ்சின், காற்று தள்ள ஒரு விசிறி, கீழே உமி எரிய ஒரு அடுப்பு. இதெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்திருப்பார்கள் என்று அவரே சொல்வார். அவர் யோசித்து யோசித்துச் செய்தது சக்கரம் இரண்டையும்தான். மழையில் ஊறின வரப்பு ஓரத்தில் புதையாமல் உருள வேண்டும் என்பதற்காக ஒரு சாண் அகலத்துக்கு இரும்புப் பட்டை வைத்து, அச்சைத் தாழ்த்தி, ஒற்றை மாடு இழுக்கும்படி செய்தார். மிஷின் வயலுக்குப் போகும். அறுத்த இடத்திலேயே நெல் காயும். அந்த வருஷக் குறுவையில் அது அஞ்சலை வயலுக்குப் போனது. மூட்டையைக் கட்டிக் கொண்டுபோனபோது, கொள்முதல் நிலையத்தில் ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தவர் எதுவும் பேசாமல் தராசில் தூக்கி வைத்தாராம். அதை அஞ்சலை வந்து சொன்னபோது, அவள் தன் கல்யாணத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு வரிசையாக ஒரு ஏக்கர், அரை ஏக்கர்க்காரர்கள் கேட்டு வந்தார்கள். கூலியாக நெல்தான் கொடுத்தார்கள். நம் வீட்டில் அந்த இரண்டு வருஷம் அரிசி வாங்கவில்லை.

மானிய விஷயத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான். உனக்குத் தெரியும், நான் பள்ளிக்கூடம் போனதில்லை. மளிகைப் பொட்டலம் கட்டி வரும் காகிதத்தில் எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டேன். பட்டறைக் கணக்கை நான்தான் எழுதினேன். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. ஒரு நாள் பொட்டலக் காகிதத்தில், சிறு பட்டறைகளில் புதுமையான இயந்திரம் செய்பவர்களுக்குக் கடனும் மானியமும் என்று அரசாங்க விளம்பரம் பார்த்தேன். பத்து மிஷின் செய்யலாம், ஊர் ஊருக்கு அனுப்பலாம் என்று நான்தான் உங்க அத்தாவை நச்சரித்தேன். அவர், "ஒண்ண ஒழுங்கா ஓட்டுவோம் புள்ள, பத்து எதுக்கு" என்றார். நான் விடவில்லை. படிவத்தை வாங்கிவந்து நானே நிரப்பினேன். அதில் 'இவ்வியந்திரத்தில் உள்ள புதுமை யாது' என்று ஒரு கட்டம் இருந்தது. நான் சக்கரத்தைப் பற்றி நான்கு வரி எழுதினேன்.

ஆபீஸர் பார்க்க வந்தார். கெட்டவர் இல்லை, தம்பி. கை நீட்டவில்லை, டீ மட்டும்தான் குடித்தார். மிஷினைச் சுற்றி வந்து, "என்ன பாய், தேர் மாதிரி நிறுத்தியிருக்கீங்க" என்றார்.

"வயலுக்குப் போகணும்ல சார்."

"வயலுக்குப் போனா அது வண்டி பாய். வண்டிக்கு நான் மானியம் குடுக்க முடியாது. எங்க திட்டத்துல மிஷின்னா தரையில நிக்கணும். சிமெண்ட் மேடை, போல்ட்டு, கரண்ட் மோட்டார். நாளைக்கு பேங்க்காரன் வந்து பாத்தா ஓடிப் போகாம இருக்கணும்ல?" என்று சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த சக்கரம்னு எழுதியிருக்கிறத மட்டும் அடிச்சிருங்கம்மா. மத்ததெல்லாம் அருமையா எழுதியிருக்கீங்க, கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார்.

அந்தப் பாராட்டில் நான் மயங்கினேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். என் எழுத்தைப் பற்றி அதற்கு முன்னால் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் போனதும் உங்க அத்தா, "சக்கரத்த எடுத்துட்டா அதுல என்ன இருக்கு? டிரம்முதான் இருக்கு" என்றார். "மானியம் வர்ற வரைக்கும்தானேங்க, வந்த பெறகு மாட்டிக்குங்க, சக்கரம் எங்க ஓடிப்போயிரப் போகுது" என்றேன் நான். அன்றைக்கே உட்கார்ந்து நான்கு வரியையும் அடித்துவிட்டு, புதுமை என்ற கட்டத்தில் 'மின் மோட்டாரால் இயங்கும்' என்று எழுதினேன். ஜில்லாவில் இருக்கிற எல்லா ரைஸ்மில்லும் மின் மோட்டாரில்தான் ஓடின. அதைப் புதுமை என்று ஏற்றுக்கொண்டு கடன் கொடுத்தார்கள்.

ஷெட் போட்டோம், மேடை கட்டினோம். திட்டத்தின் பெயரை மிஷின் மேல் எழுத வேண்டும் என்றார்கள், எழுதினோம். நடுவில் ஆட்சி மாறி திட்டத்துக்கு வேறு பெயர் வந்தது, சுரண்டிவிட்டு அதை எழுதினோம். மானியப் பணம் கையில் வராது, பேங்கிலேயே மூன்று வருஷம் இருக்கும், கடைசியில்தான் கடனில் கழிப்பார்கள் என்பதையும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புரிந்துகொண்டோம். மூன்று வருஷமும் மிஷின் மேடையில் நிற்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்பார்கள். சக்கரத்தைக் கொல்லைச் சுவரில் சாய்த்து வைத்தார் உங்க அத்தா.

குறுவை வந்தது. வாடகை வண்டி பிடித்து மழையில் நனைந்த நெல்லை அஞ்சலை ஷெட்டுக்குக் கொண்டுவந்தாள். கரண்ட் இல்லை. ஐப்பசி மழையில் கம்பம் சாய்ந்தால் நான்கு நாள் ஆகும் நம் பக்கம். பழைய எஞ்சினைத்தான் புது மோட்டார் போட்டபோது விற்றிருந்தோமே. அவள் இரண்டு நாள் ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "சூடு கண்டிருச்சு பாயம்மா" என்றாள். பிறகு, "மிஷினு என் வயலுக்கு வந்தப்ப காஞ்சுது. நான் மிஷினுக்கு வந்தா மொளைக்குது. நான் என்னத்த சொல்ல" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கூப்பிடப் போனாள். உங்க அத்தா தலையைத் தூக்கவில்லை. அடுத்த வாரம் கொல்லையிலிருந்து சக்கரத்தை எடுத்து வந்து அச்சில் மாட்டப் போனவரைத் தடுத்ததும் நான்தான். மானியம் போய்விடுமே என்றேன்.

இதுவரை சொன்னதை, ஆபீஸ் சட்டம், கரண்ட், மழை என்று வேறு யார் மேலாவது போட்டுவிடலாம். இனிமேல் சொல்வதை என் மேல் மட்டும்தான் போட முடியும்.

கடனுக்கு வட்டி உண்டு. படிவம் நிரப்பும்போது எனக்குத் தெரியாதா என்ன, தெரியும். மானியம் வட்டியைவிட அதிகம், ஆகையால் கணக்கில் நாம் வட்டி கொடுத்ததாகவே ஆகாது என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்கவில்லை, கேட்டால் நமக்கு வட்டி கூடாது என்றுதான் சொல்வார் என்று தெரியும். மாதாமாதம் வட்டி என்று நோட்டில் எழுதும்போது மட்டும் அந்த வரியைச் சின்னதாக எழுதுவேன். தொழுகையில் நின்றால் அந்தச் சின்ன வரிதான் கண்ணுக்கு முன்னால் வரும். அப்படி இருக்கும்போது உன் பெரிய மாமி மகள் கல்யாணம் வந்தது. பந்தியில் நான் உட்காரப் போன இடத்தில் உன் அத்தாவின் தங்கை, "வட்டி மிஷின் வீட்டம்மா வந்துட்டாங்க, எடம் விடுங்க, அவங்களுக்கு கவர்மெண்டே மாப்பிள்ளை விருந்து வைக்குது" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை.

உங்க அத்தா அப்போது பேராவூரணியில் இருந்தார். தேங்காய் எண்ணெய் ஆலை ஒன்றில் செக்கு இரும்பு உடைந்து, பத்து நாள் வேலையாகப் போயிருந்தார். அவர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. வந்தால் யோசிப்பார், யோசித்தால் தள்ளிப்போகும். என் வளையல், சங்கிலி எல்லாவற்றையும் உன் மாமாவிடம் கொடுத்து விற்றேன். உன் மாமாவைக் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போய் முழுக்கடனையும் வட்டியோடு கட்டிக் கணக்கை முடித்தேன். அங்கே இருந்த பையன், "இப்படி முன்னாடியே கட்ற ஆள நான் பாத்ததே இல்ல" என்று சொல்லிச் சீட்டில் சீல் குத்தினான். வீட்டுக்கு வந்து குளித்து, இரண்டு ரக்அத் அதிகம் தொழுதேன். அவ்வளவு லேசாக இருந்தது நெஞ்சு.

இருபது நாளில் கடிதம் வந்தது. மூன்று வருஷம் முடியும் முன்னால் கடன் கணக்கை முடித்துவிட்டதால், நிபந்தனைப்படி மானியம் அரசுக்கே திருப்பி அனுப்பப்பட்டது என்று இருந்தது. அந்த நிபந்தனை படிவத்தின் பின்பக்கம் தமிழிலேயே இருந்தது. நான் அதை எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறேன். கடனைக் கட்டாமல் ஓடுகிறவனுக்குச் சொன்னது என்று நினைத்துவிட்டேன். கடனை முன்னாலேயே அடைத்தவளைப் பிடித்துத் தண்டிப்பார்கள் என்று எனக்கு எப்படித் தோன்றும்? ஆனால் நான் கேட்டிருக்கலாம். ஆபீஸரைக் கேட்டிருக்கலாம், பேங்கில் கேட்டிருக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், மிஷின் யாருடையதோ அந்த மனுஷரைக் கேட்டிருக்கலாம். வட்டிக்குப் பயந்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் அல்லாஹ்வுக்குப் பயந்தது. மீதி, பந்தியில் சிரித்தவர்களுக்குப் பயந்தது. அவனுக்கு அது தெரியும், அதனால் உனக்கும் எழுதிவிட்டேன்.

பேராவூரணியிலிருந்து வந்தவரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு என் கையைப் பார்த்தார். வளையல் இல்லாததைத்தான் முதலில் கவனித்தார். "எல்லாத்தையுமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். ஷெட் போட்ட பாக்கி, மோட்டார் போட்ட பாக்கி, இரும்புக்கடைப் பாக்கி எல்லாம் மானியத்தை நம்பி நின்றவை. லேத் போனது. பிறகு மிஷின் போனது. வாங்கியது யார் என்று கேட்கிறாயா? பண்ணை வீட்டார். எடைக்கு வாங்கி, தங்கள் களத்திலேயே மேடை கட்டி நிறுத்திக்கொண்டார்கள். அவர்களுக்கு ஜெனரேட்டர் இருந்தது, நன்றாகவே ஓடியது. அஞ்சலை மறுபடியும் ஈர நெல்லை அந்த முள்வேலிக்கு உள்ளேதான் கொண்டுபோனாள். காய வைத்துக் கொடுக்க ஒரு பங்கு, முறை வரும்வரை களத்தில் வைத்திருந்ததற்கு ஒரு பங்கு. நான்கு குறுவை அப்படிப் போனது. ஐந்தாவதில் நிலத்தை அவர்களுக்கே ஒத்திக்கு விட்டுவிட்டாள். அதை அவளால் மீட்க முடியவே இல்லை.

உங்க அத்தாவிடம் எல்லோரும் கேட்டார்கள், என்ன ஆச்சு பாய் என்று. பள்ளிவாசலில் கேட்டார்கள், டீக்கடையில் கேட்டார்கள். "கவர்மெண்டு ஏமாத்திருச்சுங்க" என்றார். உன் அத்தாவின் தங்கை கேட்டபோதும் அதையே சொன்னார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். என்னை ஒருவரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகச் சாகிற வரைக்கும் அந்தப் பொய்யை வைத்திருந்தார். பேராவூரணி ஆலையில் கூலிக்கு நின்றார், உன்னைப் படிக்க வைத்தார். மறுபடி ஒரு புது வஸ்துவையும் அவர் செய்யவில்லை. நீ கேட்பாயே, சின்ன வயதில், "அத்தா, எனக்கு ஏதாவது செஞ்சு குடுங்க" என்று. கடையில் வாங்கித் தருவார். அது எதனால் என்று உனக்கு இப்போது தெரியும்.

நீ போனில் பேசிய மறுநாள் அஞ்சலையைப் போய்ப் பார்த்தேன். அவளுக்குப் பார்வை மங்கிவிட்டது, குரலை வைத்து என்னைத் தெரிந்துகொண்டாள். குட்டி பாய் வரப்போகிறான், அத்தா மிஷினைத் திரும்பச் செய்யப்போகிறான் என்றேன்.

"சக்கரத்தோடயா?" என்று கேட்டாள்.

"சக்கரத்தோடதான்."

"செய்யட்டும் பாயம்மா. நல்ல புள்ள. ஆனா யாரு வயலுக்கு ஓட்டிக்கிட்டு வருவான்? இந்தத் தெருவுல இப்ப யாருக்கு நெல்லு இருக்கு? அரிசி கடையில வாங்குறோம்" என்றாள். வாசல் வரை வந்து வழியனுப்பினாள். "பாய் மேல எனக்கு வருத்தம் இல்ல" என்றாள். என் மேல் இல்லை என்று அவள் சொல்லவில்லை. நான் அதற்காக நின்று பார்த்தேன், சொல்லவில்லை.

தம்பி, நீ பெரிய படிப்புப் படித்தவன். உனக்கு வரப்போகிற ஆபீஸரும் நல்லவராகவே இருக்கலாம். படிவம் இப்போது கம்ப்யூட்டரில் வருமாம். அதிலும் அந்தக் கட்டம் இருக்கும், புதுமை என்ன என்று. நீ நிஜத்தை எழுதுவாய். அதை மட்டும் அடித்துவிடு, மற்றதெல்லாம் அருமை என்று ஒருவர் சொல்வார். நீ அடிக்க மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். நானும் அடிக்க மாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அடிக்காமல் இருந்தாலும் எந்தத் தெருவுக்காக அது செய்யப்பட்டதோ அந்தத் தெருவில் நெல் இல்லை. அதற்கு எந்த மானியத்தில் மருந்து இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. துஆ கேட்கிறேன், ஆனால் எதைக் கேட்பது என்று தெரியாமல் கையை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் சில நாள்.

இருந்தாலும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு தடவை ஒருவரைக் கேட்காமல் நான் முடிவெடுத்தது போதும். உன்னையும் அப்படிச் செய்ய எனக்கு மனசில்லை. நம்பிக்கையில் போட்ட கையெழுத்து இல்லை இது, அதை நீ தெரிந்துகொள். உன் மாமாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் காட்டச் சொல்லியிருக்கிறேன், உன் கையில் மட்டும்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் செய். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக வீட்டுக்கு வராதே. பாலத்துக்கு இந்தப் பக்கமே இறங்கி வாய்க்கால் கரையோடு நட, மூன்றாவது வீடு அஞ்சலையுடையது. மிஷின், மானியம் எதையும் பேசாதே, இன்னார் மகன் என்று மட்டும் சொல், அவள் உட்காரச் சொல்வாள். நீ வரும்போது குறுவை அறுப்பாகத்தான் இருக்கும். அந்தத் தெருவில் ஒரு வாசலிலும் நெல் காய்கிற பாய் கிடக்காது. அதை ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, பிறகு மாமா வீட்டுக்குப் போய் பத்திரத்தை வாங்கிக்கொள்.

அம்மா